ஹைபிரிட் காரின் எஞ்சினைக் கழுவாதீர்கள், துடையுங்கள்

செகண்ட் ஹேண்டில் ஹைபிரிட் கார் (பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்தது) வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே பானட்டைத் திறந்து பார்ப்பார்கள். உள்ளே தூசி, காய்ந்த இலை, எண்ணெய்ப் பிசுக்கு, மூலையில் பல்லி எச்சம். உடனே வரும் கேள்வி: "அண்ணே, இதுக்குத் தண்ணி அடிக்கலாமா?"

ஜெட், அதாவது மெஷின் வைத்து அழுத்தத்தில் பீய்ச்சும் தண்ணீர், அடிக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைக்கலாம். ஏன், எப்படி என்பதுதான் மீதிக் கட்டுரை.

மலேசியாவில் 2013 கடைசி வரை இருந்த வரிச்சலுகையில் வந்து இறங்கிய ஹோண்டா இன்சைட், டொயோட்டா பிரியஸ், பிரியஸ் சி கார்கள் கோலாலம்பூரில் இப்போது மூன்றாவது, நாலாவது கைக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. 2020இல் ஹோண்டா சிட்டி, 2022இல் கொரோலா குரோஸ், எச்ஆர்-வி என்று புதியவையும் சேர்ந்துவிட்டன. பழசுக்கும் புதுசுக்கும் துடைக்கும் முறை ஒன்றுதான். வித்தியாசம் ரப்பரில் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு மேல் எஞ்சின் சூட்டில் வெந்த கனெக்டர் ரப்பர், புதியதைப் போலத் தண்ணீரைத் தடுக்காது.

"மழையில்தானே ஓடுகிறது, அப்போது ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். உண்மைதான். பானட்டுக்குக் கீழே உள்ள இணைப்புகள் மழைக்கும் டயர் தெறிக்கும் தண்ணீருக்கும் தாங்கும்படி செய்யப்பட்டவை. ஆனால் ஜெட் என்பது மழை அல்ல. வீட்டுக்கு வாங்கும் சின்ன மெஷினே 100 பார் அழுத்தத்தில் அடிக்கும். அதை ஒரு சாண் தூரத்தில், மேலிருந்து, ஒரே கனெக்டரைப் பார்த்துப் பிடித்தால் தண்ணீர் ரப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடும். போன தண்ணீர் சுலபத்தில் வெளியே வராது. இன்றைக்குக் கார் ஓடும். கனெக்டருக்குள் இருக்கும் உலோகப் பின்கள் பச்சை பிடித்து, சில வாரம் கழித்து டேஷ்போர்டில் ஏதோ ஓர் எச்சரிக்கை விளக்கு எரியும். அன்றைக்குக் கழுவியதால்தான் இது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

முதலில் ஆரஞ்சு நிறத்தைத் தேடுங்கள்

பானட்டைத் திறந்ததும் தடித்த ஆரஞ்சு நிறக் கேபிள்கள் எங்கே போகின்றன என்று பாருங்கள். 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரம் (டிசி) போகும் கேபிளுக்கு ஆரஞ்சு உறை போட வேண்டும் என்பது ஐ.நா.வின் ஆர்100 வாகன விதியில் உள்ள நிபந்தனை. இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிரியஸின் பெரிய பேட்டரி 201.6 வோல்ட். மூன்றாம் தலைமுறையில் இன்வெர்ட்டர் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி) அதை 650 வோல்ட் வரை ஏற்றும். பிரியஸ் சி-யில் 144 வோல்ட் பேட்டரி, 520 வரை ஏறும். நம் வீட்டுப் பிளக்கில் வருவது 230 தான்.

பயந்து பானட்டை மூடிவிட வேண்டாம். இந்த உயர் மின்சாரத்தின் பிளஸ், மைனஸ் இரண்டுமே காரின் இரும்பு உடம்போடு சேர்வதில்லை. காரை அணைத்ததும் பேட்டரிப் பெட்டிக்குள் இருக்கும் ரிலேக்கள் (தானியங்கிச் சுவிட்சுகள்) இணைப்பைத் துண்டித்துவிடும், மின்சாரம் அங்கேயே நின்றுவிடும். முன்பக்கம் மிச்சம் இருப்பது இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டரின் சேமிப்பு மட்டும், அதுவும் சில நிமிஷத்தில் வடியும். பேட்டரியின் சர்வீஸ் பிளக்கை (பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் செருகி) கழற்றிய பிறகும் 10 நிமிஷம் காத்திருந்துதான் டொயோட்டா மெக்கானிக்குகள் இன்வெர்ட்டரில் கை வைப்பார்கள். நாம் எதையும் கழற்றப் போவதில்லை, மேலே துடைக்கத்தான் போகிறோம். ஆகவே ஆரஞ்சுப் பிடி போட்ட அந்தச் சர்வீஸ் பிளக்கை எங்கேயாவது பார்த்தால் பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காணொளி பார்த்துவிட்டு அதை இழுக்கும் வேலை வேண்டாம். அதற்கு 1000 வோல்ட் தாங்கும் தனிக் கையுறை இருக்கிறது. கடையில் வாங்கும் நைட்ரைல் கையுறை அழுக்குக்கு மட்டும்தான், மின்சாரத்துக்கு அல்ல.

எஞ்சினுக்குப் பக்கத்தில், மேலாக, எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டிய வெள்ளி நிறப் பெட்டி இருந்தால் அதுதான் இன்வெர்ட்டர். அங்கிருந்து மோட்டாருக்கு ஆரஞ்சுக் கேபிள் போவது சுலபமாகத் தெரியும். பலர் கவனிக்காதது இன்னொன்று: முன்பக்கம் கீழே ஏர்கோன் கம்ப்ரசருக்கும் ஒரு ஆரஞ்சுக் கேபிள் இறங்கும். பிரியஸ் போன்ற கார்களில் கம்ப்ரசர் பெல்ட்டில் ஓடுவதில்லை, அதே உயர் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. "கீழேதானே, கொஞ்சம் ஹோஸ் அடிப்போம்" என்று நினைக்கும் இடமும் அதுதான்.

ஹைபிரிட் என்று பின்னால் எழுதியிருந்தும் ஆரஞ்சுக் கேபிளே காணோமா? இருக்கலாம். நிசான் செரினா எஸ்-ஹைபிரிட் 12 வோல்ட்டில் வேலை செய்கிறது. சில ஜெர்மன் கார்களில் 48 வோல்ட். அவற்றில் மின் அபாயம் குறைவு. ஆனால் கனெக்டருக்குள் தண்ணீர் போகும் கதை எல்லாவற்றுக்கும் ஒன்றே.

கார் தூங்குகிறதா, விழித்திருக்கிறதா?

ஹைபிரிட்டுக்குப் புதிதாக வந்தவர்களிடம் நான் மின்சாரத்தைவிட அதிகமாக எச்சரிப்பது இதைத்தான். சாதாரணக் காரில் எஞ்சின் சத்தம் இல்லையென்றால் கார் அணைந்திருக்கிறது. ஹைபிரிட்டில் அப்படிச் சொல்ல முடியாது. டேஷ்போர்டில் ரெடி விளக்கு எரிந்துகொண்டிருந்தால் கார் முழுவதும் விழித்திருக்கிறது என்று அர்த்தம். பேட்டரி கொஞ்சம் இறங்கியதும், யாரும் எதையும் தொடாமலே எஞ்சின் சுழலும். ரேடியேட்டர் காற்றாடியும் அப்படித்தான். அந்த நேரத்தில் உங்கள் விரலோ துணியோ அங்கே இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே பி-யில் போட்டு, கைப்பிரேக் போட்டு, பவர் பட்டனை அழுத்தி அணையுங்கள். ரெடி விளக்கு மட்டும் அல்ல, டேஷ்போர்டு முழுவதும் இருண்டிருக்க வேண்டும். அப்புறம் ஸ்மார்ட் சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே வேலை செய்யாதீர்கள். ஐந்து மீட்டருக்கு மேல் தள்ளி, வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அது எட்டாத இடத்தில். நீங்கள் குனிந்திருக்கும்போது காருக்குள் ஏறிப் பட்டனை அழுத்துவதுதான் பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டு.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பயந்துவிடுவீர்கள். பிரியஸில் ஓட்டுநர் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் சில வினாடி 'ர்ர்ர்' என்று ஓடி நிற்கும். அது கோளாறு அல்ல.

மோதிரம், கைக்கடிகாரம், பிரேஸ்லெட்டைக் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் மோதிரம் பிளஸ் முனைக்கும் இரும்புக்கும் நடுவே பட்டால் நொடியில் பழுத்துவிடும். அந்த 12 வோல்ட் சின்ன பேட்டரி உங்கள் காரில் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிரியஸில் பின்னால் டிக்கியில், பிரியஸ் சி-யில் பின் சீட்டுக்கு அடியில். இருந்தாலும் முன்னால் பியூஸ் பெட்டிக்குள் ஜம்ப் ஸ்டார்ட்டுக்கான பிளஸ் முனை ஒன்று இருக்கும், அங்கே ஈரம் கூடாது. துடைக்கிற வேலைக்குச் சின்ன பேட்டரியைக் கழற்ற வேண்டியதில்லை. பிரியஸில் கழற்றிவிட்டு டிக்கியை மூடினால் அது மின்சாரப் பூட்டு, திறக்காது. அப்புறம் உள்ளே தவழ்ந்து போக வேண்டும்.

எப்போது, எங்கே

காலையில் செய்யுங்கள். கோலாலம்பூரில் மதியத்துக்கு மேல் மழை எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது, பானட்டைத் திறந்து போட்டுக் காய வைக்கவும் நேரம் வேண்டும். முதல் நாள் இரவு நிறுத்திய கார் என்றால் சூடு முழுக்க இறங்கியிருக்கும். ஓட்டி வந்த கையோடு செய்வதானால் ஒரு மணி நேரமாவது விடுங்கள். மின்சாரத்தில் ஓடி வந்தாலும் புகைக்குழாயும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சூடாகவே இருக்கும், கை பட்டால் தோல் உரியும். நேர் வெயிலும் வேண்டாம். கிளீனர் துடைப்பதற்குள் காய்ந்து வெள்ளைத் திட்டாக நிற்கும்.

கொண்டோவில், பிளாட்டில் இருப்பவர்களுக்கு இந்த முறையில் ஒரு வசதி உண்டு. கார் நிறுத்துமிடத்தில் கார் கழுவப் பல நிர்வாகங்கள் விடுவதில்லை. ஒரு வாளியும் நாலு துணியும் வைத்துத் துடைப்பதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், தரையும் நனையாது. தண்ணீர் வெட்டு நாளிலும் செய்யலாம்.

என்னென்ன வேண்டும்

மைக்ரோஃபைபர் துணி நிறைய, பழைய பெயிண்ட் பிரஷ் இரண்டு, ஒரு பல் துலக்கும் பிரஷ், ஸ்பிரே பாட்டில், கையுறை, டார்ச் லைட். எல்லாம் தாமான் ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கும். வேக்குவமோ சின்ன புளோவரோ இருந்தால் நல்லது. கிளீனருக்குக் கார் கடையில் தண்ணீர் கலக்கும் வகை ஆல் பர்பஸ் கிளீனர் வாங்கி, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். பிசுக்கு அதிகமான இடத்துக்குக் கொஞ்சம் கெட்டியாக.

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் வேண்டவே வேண்டாம். அந்தக் காலத்தில் லாரிப் பட்டறையில் மண்ணெண்ணெய் ஊற்றித்தான் எஞ்சின் கழுவினார்கள், மாமா சித்தப்பா யாராவது இதைச் சிபாரிசும் செய்வார்கள். ரப்பர் ஊதிப்போகும், ஆவி தங்கினால் தீப்பிடிக்கும். சமையலறை அடுப்புக் கறை எடுக்கும் கார மருந்தும் கூடாது. இன்வெர்ட்டர் பெட்டி, எஞ்சின் தலை எல்லாம் அலுமினியம், அதில் காரம் பட்டால் வெளுத்துவிடும்.

வேலை

துடைப்பதற்கு முன் கைப்பேசியில் நாலைந்து படம் எடுங்கள். எது எங்கே இருந்தது என்பதற்கு மட்டும் அல்ல. எண்ணெய் கசிந்த இடம், கூலண்ட் காய்ந்து இளஞ்சிவப்பாகப் படிந்த இடம் எல்லாம் அழுக்கு இருக்கும்போதுதான் தெரியும். துடைத்துவிட்டால் அடையாளம் போய்விடும். போர்மேனிடம் (பட்டறை மெக்கானிக்) காட்டவும் அந்தப் படம் உதவும். (செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகும்போது எஞ்சின் புதுசு போல் பளபளத்தால் நான் கொஞ்சம் சந்தேகப்படுவேன். பெயர் மாற்றத்துக்குச் செய்யும் பி5 பரிசோதனைக்காகச் சேசிஸ் எண் தெரியும்படி துடைத்திருந்தால் சரி. எல்லா இடமும் எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தால் எதையோ மறைக்கிறார்கள்.)

அப்புறம் ஈரம் படாமல் உலர் வேலை. வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்திலிருந்து தொடங்குங்கள். தூங்குமூஞ்சி மரத்தடியிலோ அங்சானா மரத்தடியிலோ நிறுத்தும் கார்களில் அந்தப் பள்ளம் இலைக்குப்பையால் நிரம்பியிருக்கும். கையால் அள்ளுங்கள், தண்ணீர் ஊற்றித் தள்ளாதீர்கள். தள்ளினால் இலைகள் வடிகால் துளையை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் அடுத்த கனமழையில் தண்ணீர் தேங்கி, போகக் கூடாத பக்கம் வழியும். எஞ்சினைத் துடைப்பதில் உண்மையான பிரயோஜனம் எது என்று கேட்டால் இந்தப் பள்ளத்தைச் சுத்தம் செய்வதைத்தான் சொல்வேன். பளபளப்பெல்லாம் அப்புறம். மற்ற இடங்களில் காய்ந்த பிரஷ்ஷால் தூசியைக் கிளப்பி வேக்குவத்தால் இழுத்துக்கொள்ளுங்கள்.

எலி எச்சம் இருந்தால் மட்டும் முறை வேறு. கோலாலம்பூரில் தாமான் சாக்கடை எலிக்கு எஞ்சின் சூடு நல்ல படுக்கை. எச்சத்தைப் பெருக்கவோ வேக்குவத்தில் இழுக்கவோ கூடாது, தூசியாகப் பறந்து மூக்கில் போகும். முகக்கவசமும் கையுறையும் போட்டு, கிருமிநாசினியை லேசாகத் தெளித்து ஊற விட்டு, டிஷ்யூவால் எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல. கையில் கீறல் இருந்தால் இன்னும் கவனம். பிறகு டார்ச் அடித்து வயர்களைப் பாருங்கள். ஆரஞ்சு உறையில் பல் பட்ட தடம் இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். டேப் சுற்றாதீர்கள், காரை எடுக்காதீர்கள், ஹைபிரிட் தெரிந்த பட்டறைக்கு அழைப்புப் போடுங்கள்.

இனி ஈரத்துணி. எலி எச்சத்துக்குத் தெளித்ததைத் தவிர எந்த நேரத்திலும் காரின் மேல் ஸ்பிரே அடிக்க வேண்டாம், துணியின் மேல் அடித்துத் துடையுங்கள். துணி பிழிந்தால் சொட்டக் கூடாது. இதை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் பிளாஸ்டிக் பை போட்டு மூடுவது, டேப் ஒட்டுவது எதுவும் தேவைப்படாது. ஆனாலும் பியூஸ் பெட்டி, காற்று உறிஞ்சும் வாய், 12 வோல்ட் முனை மேல் காய்ந்த துணி போட்டு வைப்பது நல்லது. அலுமினியத் தாளால் மூடச் சொல்பவர்கள் உண்டு. அது மின்சாரம் கடத்தும். பேட்டரி முனைக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோகவே கூடாது.

மேலிருந்து கீழே வாருங்கள். பானட்டின் உள்பக்கம், பிளாஸ்டிக் மூடிகள், ஓரச் சட்டங்கள். பிசுக்குள்ள இடத்தில் கிளீனர் நனைத்த துணியை ஒரு நிமிஷம் ஒத்தி வைத்துவிட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்த வேறு துணியால் இரண்டு தடவை எடுங்கள். கிளீனர் மிச்சம் நிற்கக் கூடாது. இன்வெர்ட்டர் பெட்டியை அரை ஈரத்துணியால் ஒரு தடவை, உடனே காய்ந்த துணியால் ஒரு தடவை. ஆரஞ்சுக் கேபிளுக்குக் காய்ந்த துணி மட்டும், இழுக்காமல், வளைக்காமல். கேபிள் பெட்டியில் நுழையும் இடத்தை விட்டுவிடுங்கள், கொஞ்சம் தூசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஸ்பார்க் பிளக்கும் அதன் இக்னிஷன் காயிலும் (மின்பொறி தரும் சுருள்) உட்கார்ந்திருக்கும் குழிகளிலும் ஈரம் வேண்டாம். எஞ்சினுக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று என்று இரண்டு கூலண்ட் டப்பா இருக்கும் கார்களில் இரண்டின் அளவையும் இந்தச் சாக்கில் பார்த்துவிடலாம். மூடியைத் திறக்க வேண்டாம், கோடு வெளியிலேயே தெரியும்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு ஒரு சேர்க்கை. தஞ்சோங் தோக்கோங், ஜெலுத்தோங் என்று கடலோரமாகவே நிறுத்தி ஓட்டும் கார்களில் அலுமினியத்தின் மேல் வெள்ளைப் பொடி படியும். உப்புக்காற்றின் வேலை. அதைக் கிளீனரைவிட வெறும் தண்ணீரில் பிழிந்த துணிதான் நன்றாக எடுக்கும், அடிக்கடி எடுக்க வேண்டியும் இருக்கும்.

பளபளப்பு வேண்டுமென்றால் தண்ணீர் வகை டிரெஸ்ஸிங்கை (பளபளப்புப் பூச்சு) துணியில் எடுத்துப் பிளாஸ்டிக்குக்கு மட்டும் பூசுங்கள். எண்ணெய் வகை தூசியைக் கூட்டும்.

ஆயுத பூசைக்காகத் துடைப்பவர்களுக்கு: சந்தனம் குங்குமம் பானட்டுக்கு மேலே வைத்தால் போதும், சாமி கோபித்துக்கொள்ளாது. மஞ்சள் தண்ணீரை எஞ்சினுக்குள் தெளிக்கவும் வேண்டாம், இன்வெர்ட்டருக்குப் பொட்டு வைக்கவும் வேண்டாம்.

முடிந்த பிறகு

பானட்டைத் திறந்தே ஒரு மணி நேரம் விடுங்கள். உள்ளே துணி, பிரஷ் எதுவும் மாட்டிக்கொள்ளவில்லை என்று எண்ணிப் பாருங்கள். பானட்டை மூடிய பிறகுதான் சாவியை எடுத்து வர வேண்டும். ரெடி விளக்கு வரட்டும். எஞ்சின் உடனே ஓடாவிட்டால் பதறாதீர்கள், பேட்டரி நிறைந்திருந்தால் அதற்கு ஓட அவசியம் இல்லை. ஏர்கோன் போட்டுத் தாமானைச் சுற்றி ஒரு கால் மணி நேரம் ஓட்டுங்கள். எஞ்சின் உதறினால் ஸ்பார்க் பிளக் குழியில் ஈரம் போயிருக்கலாம்.

ஹைபிரிட் சிஸ்டத்தைப் பாருங்கள் என்ற எச்சரிக்கை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, மேற்கொண்டு ஓட்டாமல், கார் பதிந்து வைத்திருக்கும் கோளாறுக் குறியீட்டைப் (எரர் கோட்) படிக்க ஏற்பாடு செய்யுங்கள். பி0ஏஏ6 என்று வந்தால், உயர் மின்சாரம் காரின் உடம்போடு எங்கோ கசிகிறது என்று கார் தானே கண்டுபிடித்திருக்கிறது. ஈரம் ஒரு காரணமாக இருக்கலாம், அது ஒன்றே காரணம் அல்ல. அந்தக் குறியீட்டைப் படிக்கும் மலிவான ரீடர்கள் பல, ஹைபிரிட் பகுதியை முழுக்கப் படிக்காது. அதில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டாதீர்கள்.

வெள்ளத்தில் நின்ற கார் இந்தக் கட்டுரைக்குள் வராது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும், 2017 நவம்பரில் பினாங்கிலும் கார்கள் கூரை வரை மூழ்கியதைப் பார்த்தோம். ஹைபிரிட் காரில் பெரிய பேட்டரி பெரும்பாலும் பின்பக்கம் தாழ்வாக இருக்கிறது, எஞ்சின் நனைவதற்கு முன்பே அது நனைந்திருக்கலாம். சேற்றைத் துடைக்கப் போகாதீர்கள், பவர் பட்டனையும் அழுத்தாதீர்கள். இழுவை வண்டிக்காரரிடம் ஹைபிரிட் என்று முதலிலேயே சொல்லி, தட்டையான லாரியில் ஏற்றச் சொல்லுங்கள். முன் சக்கரம் உருளும்படி இழுத்தால் மோட்டார் சுழன்று மின்சாரம் உண்டாக்கும்.

எவ்வளவு நாளுக்கு ஒரு தடவை? மூன்று நாலு மாதத்துக்கு ஒன்று தாராளம். வைப்பர் பள்ளத்து இலையை மட்டும் கார் கழுவும்போதெல்லாம் எடுங்கள். கார் வாஷ் கடையில் விடுபவர்கள் நுரை அடித்துக் கழுவும் ஸ்னோ வாஷ் தொடங்குவதற்கு முன்பே "எஞ்சினுக்கு வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நல்ல மனசில் பானட்டைத் திறந்து ஒரு ஜெட் அடித்துவிடுவார்கள்.

வேக்குவம் கையில் இருக்கும்போதே பின் கதவையும் திறந்து பாருங்கள். பல ஹைபிரிட் கார்களில் பின் சீட்டின் ஓரத்தில் சின்ன ஜன்னல் போல ஒரு கிரில் இருக்கும். பெரிய பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அது வழியாகத்தான் போகிறது. பூனை, நாய் ஏறும் காரென்றால் முடி அடைத்திருக்கும். அடைத்தால் பேட்டரி சூடாகிச் சீக்கிரம் தளரும், மாற்றுவதற்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி போகும். வேக்குவத்தால் இழுத்துவிடுங்கள். கழற்றும் பில்டர் இருந்தால் எடுத்துத் தட்டி மாட்டுங்கள். அதன் மேல் பள்ளிக்கூடப் பையோ பசார் மாலாம் பொட்டலமோ சாய்த்து வைக்க வேண்டாம் என்று பின்னால் உட்காருபவர்களிடமும் சொல்லி வையுங்கள்.